பழைய கம்ப்யூட்டரில் சேர்த்த சொல்லெல்லாம் புதுசில் சிவப்புக் கோடு: ரைட்டர் அகராதிக்கு உதவி தேவை

கல்மண்டபம் டிடிபி:
வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன். மனு, ரசீது புக், காதுகுத்துப் பத்திரிகைன்னு வர்றதெல்லாம் அடிப்பேன். வேர்டு மாதிரி இலவசமா கிடைக்குற லிப்ரே ஆபீஸ் ரைட்டர்தான். ஏழு வருஷமா கோடு விழுற ஊர்ப் பேரு, மீன் பேரு எல்லாத்தையும் ரைட் கிளிக் பண்ணி 'ஆட் டு டிக்ஷனரி' கொடுத்துக் கொடுத்து பழைய மெஷின் நல்லா பழகியிருந்துச்சு. போன வாரம் புது மெஷின். ஃபைல் எல்லாம் பென்டிரைவ்ல கொண்டுவந்துட்டேன், சேர்த்த சொல் ஒண்ணுகூட வரல. காசிமேடு, வஞ்சிரம், சங்கரா, எல்லாம் சிவப்பு.

கையில இருக்குற வேலை ஒரு மீனவர் சங்கத்தோட ஆண்டு மலர், 80 பக்கம். ஏப்ரல் 15-ல தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையிலதான், அப்போ வெளியீடு வச்சிருக்காங்க. 80 பக்கமும் சிவப்பா இருந்தா நிஜமான தப்பு எதுன்னே கண்ணுக்குத் தெரியல.

இன்னொண்ணு, சொல்லவே வெட்கமா இருக்கு. பழைய மெஷின்ல ஒருநாள் அவசரத்துல 'திருவெற்றியூர்'னு அடிச்சதை அகராதியில சேர்த்துட்டேன் போல. அப்புறம் அது தப்புன்னு மெஷின் சொல்லவே இல்ல. வடிவுடையம்மன் கோயில்ல காதுகுத்து, 500 பத்திரிகை அடிச்சு முடிச்ச பிறகு பாட்டி ஒருத்தங்க எழுத்துக் கூட்டிப் படிச்சுக் கண்டுபிடிச்சாங்க. மறுபடி அடிச்சது என் கைக்காசு. அந்தச் சொல்லை எப்படித் தூக்குறது?

வியாசர்பாடி வாத்தியார் இல்ல:
யக்கா, ஸ்பெல் செக்கை ஆஃப் பண்ணிடு. கோடும் இருக்காது, தலைவலியும் இருக்காது.

கல்மண்டபம் டிடிபி:
தம்பி, அப்புறம் 500 பத்திரிகைக்கு நீ காசு குடுப்பியா?

மிண்ட் பக்கம்:
பழைய மெஷின் இன்னும் ஆன் ஆகுதுல்ல? அப்ப ஒண்ணும் போகல. சேர்த்த சொல் ஆவணத்துக்குள்ள இருக்காது, அதனாலதான் பென்டிரைவ்ல வரல. உங்க யூசர் ஃபோல்டர்ல தனி ஃபைலா இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் பண்ணிட்டு சி டிரைவ், யூசர்ஸ், உங்க பேர் ஃபோல்டர், ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரே ஆபீஸ், 4, யூசர், வேர்ட்புக்னு உள்ள போங்க. அந்த '4'-ஐப் பார்த்து பயப்படாதீங்க. 2024-ல இருந்து வெர்ஷனுக்கு 24.2-ன்னு ஆண்டு, மாசத்தை வச்சு நம்பர் போடுறாங்க, ஃபோல்டர் பேரு மட்டும் இன்னும் 4-தான். உள்ள 'ஸ்டாண்டர்ட்'னு ஒரு டிக் (.dic) ஃபைல் இருக்கும். ஏழு வருஷ உழைப்பு அதுதான். புது மெஷின்ல அதே இடத்துல வைங்க.

ரெண்டு மெஷின்லயும் ரைட்டரை முழுசா மூடிட்டு செய்யணும், கடிகாரம் பக்கத்துல குட்டி ஐகான் ஓடிட்டிருந்தா அதையும். இல்லன்னா மூடும்போது தன்கிட்ட இருக்குற பழைய பட்டியலை மேல எழுதிடும். நான் அப்படி ஒரு தடவை எல்லாத்தையும் தொலைச்சிருக்கேன்.

திருவெற்றியூரைத் தூக்க: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ் (பழைய வெர்ஷன்ல லாங்குவேஜ் செட்டிங்ஸ்), ரைட்டிங் எய்ட்ஸ். அங்க ஸ்டாண்டர்டைத் தேர்ந்து 'எடிட்' கொடுத்தா சேர்த்த சொல் அத்தனையும் வரிசையா நிக்கும். வேண்டாததை டெலீட் பண்ணுங்க. நிதானமா முழுசையும் ஒருதடவை படிங்க. திருவெற்றியூர் மட்டும்தான்னு எனக்குத் தோணல.

ஒற்றியூர் டீச்சர்:
எங்க ஊர்ப் பேரை மாத்தினதுக்காகவே பதில் எழுதுறேன் :) அழிச்சா மட்டும் போதாது. அழிச்சிட்டா மறுபடி கோடு வரும், அவசரத்துல மறுபடி 'ஆட்' அழுத்துவீங்க. அதே ரைட்டிங் எய்ட்ஸ் பக்கத்துல 'நியூ' கொடுத்து 'தப்பு'ன்னு ஒரு புது அகராதி ஆரம்பிங்க. கீழ 'எக்செப்ஷன்'னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணணும். இது சேர்க்குற அகராதி இல்ல, தடை செய்யுற அகராதி. அதுல 'திருவெற்றியூர்' போட்டு, பக்கத்துல மாத்துச் சொல்லா 'திருவொற்றியூர்' கொடுங்க. அந்தத் தப்பு வேற எந்த அகராதியில ஒளிஞ்சிருந்தாலும் கோடு விழும், தடைதான் ஜெயிக்கும். எங்க பள்ளிக்கூட மெஷின்ல 'பண்ணிரெண்டு', 'சில்லரை', 'கருப்பு'ன்னு நான் ஒரு பட்டியலே வச்சிருக்கேன்.

வியாசர்பாடி வாத்தியார் இல்ல:
டீச்சர், கருப்பு இன்னா தப்பு? ஊரே அப்படித்தானே எழுதுது.

ஒற்றியூர் டீச்சர்:
அது என் பள்ளிக்கூடத்துக்கு நான் வச்ச சட்டம்ப்பா. உன் கடைக்கு நீ வச்சுக்கோ.

கல்மண்டபம் டிடிபி:
மிண்ட் அண்ணா, வந்துடுச்சு! 640 சொல். முழுசா படிச்சேன், நீங்க சொன்னது சரி. 'தாழ்மையுடண்', 'விண்ணப்பதாராகிய'ன்னு பதினோரு அசிங்கம் உள்ள உக்காந்திருந்துச்சு. எத்தனை மனுவுல போயிருக்குமோ. டீச்சர், 'தப்பு' அகராதியும் போட்டாச்சு.

ஆனா மலர்ல இன்னும் மூணுல ஒரு பங்கு சிவப்பு. ரெண்டு மாதிரி இருக்கு:

அகராதியிலயே இருக்குற சொல்லுக்குக் கோடு: கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர் (இதுவுமா!), கொடுவா, தோணி, தேர்தல் போட்டி. ஆனா வண்ணாரப்பேட்டை, எண்ணூர், சங்கரா, வாளை எல்லாம் சுத்தம்.

அப்புறம் வஞ்சிரம் சரி, வஞ்சிரத்தை கோடு. காசிமேடு சரி, காசிமேட்டில் கோடு.

மிண்ட் பக்கம்:
முதல் பட்டியலை நீங்களே ஒருதடவை உரக்கப் படிங்க. கொ, கொ, வொ, கொ, தோ, போ. எல்லாத்துலயும் ஒகரம் இல்லன்னா ஓகாரம். மலர் மேட்டர் உங்க கையால அடிச்சதா, இல்ல யாராவது கொடுத்ததா?

கல்மண்டபம் டிடிபி:
பாதி போன வருஷ மலர்ல இருந்து. அது பாமினி ஃபான்ட்ல இருந்துச்சு, நெட்ல ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தினேன்.

மிண்ட் பக்கம்:
அங்கதான் இருக்கு. கண்ணுக்கு 'கொ' ஒண்ணுதான். ஆனா யூனிகோடுல அதை ரெண்டு விதமா வைக்கலாம்: க-வோட ஒகரக் குறி ஒரே எண்ணா வரலாம், இல்லன்னா ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு எண்ணா வரலாம். திரையில ஒரே மாதிரிதான் தெரியும். பாமினியில கொம்பு, க, கால்னு மூணு தட்டுத் தட்டி அடிப்போம்ல, உங்க கன்வெர்ட்டர் அதை அப்படியே பிரிச்சு வச்சிருக்கு. உங்க கீபோர்டு சேர்த்து அடிக்குது. அகராதிக்கு அது வேற சொல், இது வேற சொல்.

சோதிக்க: மலர்ல இருக்குற 'கொ'வுக்குப் பின்னாடி கர்சரை வச்சு பேக்ஸ்பேஸ் ஒரே ஒரு தடவை. 'கெ' மிச்சம் நின்னா பிரிஞ்ச எழுத்து. வெறும் 'க' நின்னா சேர்ந்த எழுத்து.

கல்மண்டபம் டிடிபி:
'கெ' நிக்குது!!! அட கடவுளே. நான் அடிச்ச கொடுங்கையூர்ல 'க' நிக்குது.

மிண்ட் பக்கம்:
அப்ப அகராதியைத் தொடாதீங்க, மேட்டரைத் திருத்துங்க. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல மேல யூனிகோடு எண் 0BC6-ம் 0BBE-ம் (கொம்பும் காலும்), கீழ 0BCA (சேர்ந்த ஒகரக் குறி). அடிக்க வரலன்னா, இன்சர்ட், ஸ்பெஷல் கேரக்டர்ல அந்தக் குறிகளை எடுத்துக் காப்பி பண்ணி ஒட்டிக்குங்க. ஓகாரத்துக்கும் அதே மாதிரி, இரட்டைக்கொம்போட. ரெண்டே ரீப்ளேஸ், முடிஞ்சுது.

இதே ஜோர்ல ஔகாரத்துலயும் கை வைக்காதீங்க. 'வௌவால்' மீனை நிறைய பேர் வெ போட்டு ள போட்டு அடிச்சிருப்பாங்க. சரி, 'ெள' எல்லாத்தையும் ஔகாரமா மாத்திடலாம்னு ரீப்ளேஸ் ஆல் தட்டினா, கெளுத்தி செத்துது. வெள்ளை, வெளிச்சம், தெளிவு எல்லாம் கூடவே போகும். அதை ஒவ்வொண்ணா பார்த்துதான் மாத்தணும்.

தண்டையார்பேட்டை கணக்கு:
ரெண்டாவது பட்டியலுக்கு நான் வர்றேன். 'வஞ்சிரம்'னு சேர்த்தா அந்த ஒரு வடிவம் மட்டும்தான் அதுக்குத் தெரியும். தமிழ்ல ஒரு பெயர்ச்சொல் எத்தனை வேஷம் போடும்! வஞ்சிரத்தை, வஞ்சிரத்துக்கு, வஞ்சிரமும். அதுலயும் வஞ்சிரத்தைக், வஞ்சிரத்தைச், வஞ்சிரத்தைப்னு வல்லினம் மிகுந்தா அது தனி. லிப்ரே ஆபீஸ் 6.0-ல இருந்து இதுக்கு ஒரு வழி இருக்கு. மொழியைத் 'தமிழ்'னு வச்ச அகராதியா இருந்தா (ஸ்டாண்டர்ட் எல்லா மொழிக்கும் பொதுவானது, அதுல வராது) எடிட் பெட்டியில 'கிராமர் பை'ன்னு ஒரு கட்டம் திறக்கும். வஞ்சிரம் போட்டு பக்கத்துல 'மரம்'னு கொடுத்தா, மரம் எப்படி மாறுதோ அப்படியே இதுவும் மாறும்னு எடுத்துக்கும். ஆனா நீங்க போட்டிருக்குற தமிழ் அகராதியில மரத்துக்கு விகுதி விதி எழுதியிருந்தாத்தான் பலிக்கும். ஒரு சொல்லுல முயற்சி பண்ணிப் பாருங்க.

கல்மண்டபம் டிடிபி:
பார்த்தேன். என் மெஷின்ல எடுபடல அண்ணா.

தண்டையார்பேட்டை கணக்கு:
அப்ப கால்க் (லிப்ரே ஆபீஸோட எக்செல்) ஷீட்டுதான். சொல்லை முதல் பத்தியில வரிசையா போடுங்க, பக்கத்துப் பத்திகள்ல வேற்றுமையை ஒட்டுங்க. கம்ப்யூட்டருக்கு 'ம்' ஒரு எழுத்து இல்ல, ம-வும் புள்ளியும் ரெண்டு. அதனால வஞ்சிரம், ராயபுரம் மாதிரி சொல்லுக்கு லெஃப்ட் (LEFT), லென் (LEN) சூத்திரம் வச்சு கடைசி 2-ஐ வெட்டி 'த்தை', 'த்துக்கு', 'த்தில்' சேர்க்கணும். எண்ணூர், கொடுங்கையூருக்கு 1 மட்டும் வெட்டணும், புள்ளி போகும், 'ர' நிக்கும். அதுமேல ஐகாரக் குறி, உகரத்தோட 'க்கு', இகரத்தோட 'ல்'. பேட்டைகள் சமத்து, வெட்டவே வேண்டாம், 'யை', 'க்கு', 'யில்'னு ஒட்டினா போதும். காசிமேடு மட்டும் டகரம் இரட்டிக்கும், அதைக் கையால அடிச்சுடுங்க. ஒரு சூத்திரம் எழுதி இழுத்துவிட்டா 40 மீனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்.

வந்த பட்டியலை அந்த டிக் ஃபைலை நோட்பேட்ல திறந்து ஒட்டலாம். மேல நாலு வரித் தலைப்பு இருக்கும், கடைசி வரி மூணு கோடு. அதுக்குக் கீழதான் ஒட்டணும், வரிக்கு ஒரு சொல். சேவ் பண்ணும்போது யூடிஎஃப்-8. 'வித் பாம்' (with BOM)னு இருக்குறது வேண்டாம்.

கல்மண்டபம் டிடிபி:
சங்கத்து செயலாளர் வேர்டுலதான் திறந்து பார்ப்பார். இந்தப் பட்டியலை அவருக்கும் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை கணக்கு:
கொடுக்கலாம், அப்படியே இல்ல. தலைப்பு நாலு வரியையும் வெட்டிட்டு, நோட்பேட்ல என்கோடிங் யூடிஎஃப்-16 எல்ஈ-ன்னு சேவ் பண்ணுங்க. வேர்டு அதைத்தான் எதிர்பார்க்கும். ஆன்சி-ன்னு சேவ் ஆச்சுன்னா தமிழ் பூராவும் கேள்விக்குறியா போயிடும். அப்புறம் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், கஸ்டம் டிக்ஷனரீஸ், ஆட். அவருக்கு 'ஆட் டு டிக்ஷனரி' மங்கலா இருந்தா, அந்த அகராதியோட மொழியை 'ஆல் லாங்குவேஜஸ்'னு மாத்தச் சொல்லுங்க. அனேகமா அதுதான் காரணமா இருக்கும்.

ஒற்றியூர் டீச்சர்:
இங்கிலீஷ் மனுவுக்கு ஊர்ப் பேரு வேற தனி அகராதியில வச்சுக்குங்க. 2020 ஜூன்ல ஆயிரத்துச் சொச்சம் ஊருக்கு இங்கிலீஷ் எழுத்தை மாத்தி அரசாணை போட்டு, சில நாள்லயே திரும்ப வாங்கினாங்களே, நான் அவசரக்குடுக்கை, அந்த வாரமே எல்லாத்தையும் அகராதியில ஏத்திட்டேன். தனி ஃபைலா வச்சிருந்ததால ஒரு டிக்கை எடுத்து விட்டதோட போச்சு.

கல்மண்டபம் டிடிபி:
மூணு நாள் கழிச்சு வர்றேன். ரீப்ளேஸ் பண்ணதும் பாதி சிவப்பு போச்சு, கால்க் பட்டியல் மீதியைத் துடைச்சுது. ஊரு, மீனு, தப்புன்னு மூணு அகராதியா பிரிச்சு, அந்த ஃபோல்டரை பென்டிரைவ்லயும் போட்டுட்டேன். இப்ப 80 பக்கத்துல 30 கோடுதான், அதுல 20 நிஜமாவே தப்பு.

ஒரே ஒரு தகராறு மிச்சம். அந்தப் பொடி இறாலை மலர்ல ஒருத்தர் சென்னாங்குன்னி, ஒருத்தர் சென்னாகுன்னி, இன்னொருத்தர் சென்னக்கூனின்னு எழுதியிருக்காங்க. எதை ஏத்துறது?

வியாசர்பாடி வாத்தியார் இல்ல:
யக்கா, அதை விக்கிற ஆயாகிட்ட கேளு. நம்மகிட்ட கேக்குற.

கல்மண்டபம் டிடிபி:
கேட்டேன். "சென்னாகுன்னி கால் கிலோ போடட்டா?"ன்னுச்சு. அதையே ஏத்திட்டேன், கால் கிலோவும் வாங்கிட்டேன்.