கைப்பிரதிக்கு ஒரு சொல் வேண்டும்: பைலோரிக் ஸ்டெனோசிஸ்

செவிலியர், ஏற்காடு:

அனைவருக்கும் வணக்கம். மலைக் கிராமத்துத் தாய்மார்களுக்காக ஒரு பக்கக் கைப்பிரதி தயாரிக்கிறோம். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிறந்த 3 முதல் 6 வாரத்துக்குள் சில குழந்தைகள், பெரும்பாலும் ஆண் குழந்தைகள், குடித்த பாலையெல்லாம் பீய்ச்சியடித்து வாந்தி எடுக்கும். அதில் பித்தப் பச்சை இருக்காது. எடுத்த கையோடு மறுபடி பசித்து அழும். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்துத் தசை தடித்துப் பாதையை நெரிப்பதுதான் காரணம். அந்த இடம் பைலோரஸ், நோய் பைலோரிக் ஸ்டெனோசிஸ். இதற்குத் தாய்மார்களுக்குப் புரியும் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். என் கைக்கு வந்த வரைவில் 'இரைப்பைக் கீழ்வாய் மிகைவளர்ச்சிக் குறுக்கச் சாவித்துளை அறுவை' (கீஹோல் சர்ஜரியாம்) என்று இருக்கிறது. நாகலூர் அம்மா ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். "கீழ்வாய்னா பின்னாடிங்களா? சாவி எதுக்குங்க?" என்று கேட்டார். காப்பாற்றுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய்ப்பேட்டை:

பைலோரஸ் என்பது கிரேக்கம். பொருள் வாயிற்காவலன். நம்மிடம் வாயிலோன் இல்லையா? நீதி கேட்டு வந்த கண்ணகி முதலில் கூப்பிட்டது அவனைத்தான். 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று, இலக்கணப்போலி. இரைப்பையை ஓர் இல்லாகக் கொண்டால் அதன் வாய் வாயில்தானே? ஸ்டெனோசிஸுக்குக் குறுக்கம், ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் பள்ளியிலேயே படித்ததுதான். ஆக 'வாயிற்குறுக்கம்'. றகர ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி:

ஐயா, வாயிற்குறுக்கம் என்றால் குழந்தைக்கு வாய் சிறுத்துவிட்டது என்று நினைப்பார்கள். 'வாசல்' என்றே போடலாமே.

தமிழாசிரியர்:

வாசல் மரூஉ. கலைச்சொல்லில் மரூஉவை நுழைத்தால் நாளைக்குத் தஞ்சாவூரைத் தஞ்சை என்று சட்டப் பத்திரத்திலும் எழுதச் சொல்வீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

மரூஉ இல்லை, போலி. யகரத்துக்குச் சகரம் வந்திருக்கிறது. உயிர் உசிர் ஆன மாதிரி. (இதைத் தனி மடலில் பேசிக்கொள்ளலாம், திங்கட்கிழமை நெருங்குகிறது.)

குழந்தை அறுவை மருத்துவர், சேலம்:

ஐயா, இலக்கணக் குறுக்கத்தில் ஒலி தன் மாத்திரை அளவில் குறைகிறது. இங்கே தசை குறையவில்லை, தடிக்கிறது. அல்ட்ராசவுண்டில் தசையின் கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், பாதையும் வழக்கத்தைவிட நீண்டிருக்கும். பாதை குறுகுவது அதன் விளைவு. பெயரை விளைவுக்கு வைப்பதா, காரணத்துக்கா? நான் 'தடிப்பு' பக்கம்.

சிகிச்சையைப் பாருங்கள். டென்மார்க்கின் ஹிர்ஷ்ஸ்பிருங் 1888இல் இந்த நோயை விவரித்தார். 1911-12இல் ஜெர்மனியின் ராம்ஸ்டெட் தசையைக் கீறிவிட்டு மறுபடி தைக்கப் பார்த்தார். தையல் தசையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த குழந்தைக்குத் தைக்காமலே விட்டார், பிழைத்தது. இன்றும் நாங்கள் செய்வது அதுதான். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் முறையில், தொப்புளில் ஒரு துளை, பக்கவாட்டில் இரண்டு சின்னத் துளைகள். தசையை நீளவாக்கில் கீறி விரித்தால் உள்சவ்வு கிழியாமல் பிதுங்கி வரும். எதையும் வெட்டி எடுப்பதில்லை. 'அறுவை' என்றதுமே, எதையோ அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று பாட்டிகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே 'தசைக்கீறல்'.

பெயர் எதுவானாலும் ஒரு விஷயம் கைப்பிரதியில் வந்தாக வேண்டும். வாந்தியில் அமிலமும் உப்பும் போய் ரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் குறைந்திருக்கும். டிரிப்ஸ் ஏற்றி அதைச் சரிசெய்த பிறகுதான் மயக்க மருந்து. "இவ்வளவு தூரம் ஓடிவந்தும் ஏன் உடனே செய்யல?" என்று என்னிடம் சண்டைக்கு வராத அப்பாக்கள் குறைவு.

அதைவிடப் பெரிய தொல்லை 'கக்குற பிள்ளை தக்கும்' என்ற பழமொழி. அதை நம்பி ஒரு வாரம், தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுக்க ஒரு வாரம். வரும்போது குழந்தை வற்றிப்போய் வருகிறது.

தமிழாசிரியர்:

பழமொழியைப் பழிக்காதீர்கள் டாக்டர். அது எதுக்களிக்கும் குழந்தையைச் சொன்னது. கக்குவது வேறு, பீய்ச்சிக் கான்றுமிழ்வது வேறு. அப்புறம், கலைச்சொல்லுக்கென்றே 1916இல் ஒரு சங்கம் கண்ட ராஜாஜி வக்கீலாக இருந்த ஊர் இந்தச் சேலம். இங்கிருந்து லேப்ராஸ்கோப்பி என்று அச்சிட்டு அனுப்பினால் என்ன மரியாதை?

மொழிபெயர்ப்பாளர்:

பத்திரிகைகளில் 'நுண்துளை அறுவை' பழகிவிட்டது.

தமிழாசிரியர்:

நுண் + துளை = நுண்டுளை. தண் + துறை தண்டுறை ஆவதுபோல.

செவிலியர்:

ஐயா, மன்னிக்கணும். நுண்டுளை என்று போட்டால் அச்சுப்பிழை என்று அச்சகத்துக்காரரே திருத்திவிடுவார். இன்னொன்று, வயிற்றில் 'ஆலிவ் பழம் போல' கட்டி தட்டுப்படும் என்று வரைவில் இருக்கிறது. மலையில் ஆலிவை யார் கண்டார்கள்? 'காப்பிப் பழம் போல' என்று மாற்றிவிட்டேன். டாக்டர் சரி என்றால் சரி.

மருத்துவர்:

கொஞ்சம் பெரிய காப்பிப் பழம். சரி.

செவிலியர்:

ஞாயிறு இரவு பத்து மணி. தலைப்பில் 'இரைப்பை வாசல் தடிப்பு'. உள்ளே 'சின்னத் துளை வழியாகத் தசையைக் கீறிவிடும் ஆபரேஷன்'. இதற்கு நான்கு பேர் சரி என்றார்கள், மூன்று பேர் பதிலே போடவில்லை. மேலே பெரிய எழுத்தில்: 'கக்குற பிள்ளை தக்கும். பீய்ச்சுற பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க.'

தமிழாசிரியர்:

இரண்டாவது வரிக்கு எதுகை இல்லை, போகட்டும். தடிப்பை ஏற்கிறேன், வாசலை ஏற்கவில்லை. வாயில் + தடிப்பு = வாயிற்றடிப்பு. அடுத்த பதிப்புக்காவது குறித்துவையுங்கள் அம்மா.

மருத்துவர்:

ஐயா, அவசரத்தில் அதை 'வயிற்றடிப்பு' என்று படித்துவிட்டேன். குழந்தையின் வயிற்றில் யார் அடித்தார்கள் என்று கேட்பார்கள்.

தமிழாசிரியர்:

கண்ணாடியை மாற்றுங்கள் டாக்டர்.