முகவரைப் பிடிக்க ஆள் தெரிய வேண்டுமா, கடிதம் போதுமா?

முதல்நாவல்:
வணக்கம். ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன். 1,40,000 சொற்கள். பெரிய பதிப்பகங்கள் பலவும் முகவர் வழியாக வராத பிரதியைப் படிப்பதில்லை என்று தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன. அதனால் முதலில், எழுத்தாளர் சார்பில் பிரதியைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தரும் இலக்கிய முகவர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் ஒருவரையும் தெரியாது. “ஆள் தெரியாமல் அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும், எழுத்தாளர் மாநாடுகளுக்குப் போய் முதலில் முகம் பழகு” என்கிறார் ஒரு நண்பர். “கடிதமும் முதல் பத்துப் பக்கமும் நன்றாக இருந்தால் போதும்” என்கிறார் இன்னொருவர். எது சரி?

மைக்கூடு:
முதல் நண்பர் சொல்வதுதான் சரி. பெயர் உள்ள ஒரு முகவருக்கு வருடத்தில் ஆயிரக்கணக்கில் கடிதம் வருகிறது. அதிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளும் புது எழுத்தாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பல இடங்களில் முதலில் படிப்பவர் உதவியாளர். “இத்தனை வாரத்தில் பதில் வராவிட்டால் எங்களுக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று நிறைய முகமைகள் எழுதியே போட்டுவிட்டன. இப்போது இயந்திரம் எழுதித் தள்ளுவது வேறு. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ், செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் கதை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. முகவர்களின் அஞ்சல் பெட்டியும் இதற்குத் தப்பவில்லை.

இந்த நெரிசலில், அந்த முகவரிடம் ஏற்கனவே இருக்கும் எழுத்தாளர் ஒருவர் “இதைப் படித்துப் பாருங்கள்” என்று ஒரு வரி எழுதினால் உங்கள் பிரதி மேலே வந்துவிடும். அந்த ஒரு வரியைச் சம்பாதிக்க எத்தனை வருடம் உழைத்தாலும் தகும்.

வரிவரியாய்:
மைக்கூடு, புதிதாக எழுத வருகிறவர்களை முடக்கிப் போடுவதே இந்தப் பேச்சுதான். மாநாட்டுக்குப் போகப் பணமும் விடுப்பும் இருப்பவர்கள் எத்தனை பேர்? வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் எழுதக் கூடாதா?

முகவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று பாருங்கள். அவருக்கு எழுத்தாளர் கொடுக்கும் சம்பளம் எதுவும் கிடையாது. புத்தகம் விற்றால் 15 சதவீதம் கமிஷன். மொழிபெயர்ப்பு, வெளிநாட்டு உரிமை என்றால் அங்கே இருக்கும் துணை முகவரோடு பங்கு போட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் 20. விற்காவிட்டால் ஒன்றுமில்லை. புது ஆட்கள் வராமல் அந்தத் தொழில் நடக்காது. அதனால்தான் அறிமுகம் இல்லாதவர்களுக்கும் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சிபாரிசோடு போனவருக்குக் கிடைப்பது வேகம் மட்டும்தான். சீக்கிரம் படிப்பார்கள், பிடிக்காவிட்டால் சீக்கிரம் மறுப்பார்கள்.

ஆள் தெரியாதவர் செய்ய வேண்டியது, சரியான முகவரைக் கண்டுபிடிப்பது. உங்கள் நாவலின் இனத்தைச் சேர்ந்த, சமீபத்தில் வந்த புத்தகங்களை எடுத்துப் பின்பக்கத்தில் இருக்கும் நன்றியுரையைப் படியுங்கள். எழுத்தாளர்கள் பெரும்பாலும் தங்கள் முகவரையும் எடிட்டரையும் பெயர் சொல்லி அங்கே நினைத்துக்கொள்வார்கள். யார் எந்த மாதிரி எழுத்துக்காக உழைக்கிறார் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி இல்லை. அப்புறம் மேனுஸ்கிரிப்ட் விஷ் லிஸ்ட் தளத்தில் முகவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே எழுதுகிறார்கள். யார் இப்போது பிரதி வாங்குகிறார்கள், பதில் வர எவ்வளவு காலம் ஆகிறது என்பதை க்வெரிட்ராக்கரில் பார்க்கலாம். பப்ளிஷர்ஸ் மார்க்கெட்ப்ளேஸில் யார் எந்தப் பதிப்பகத்துக்கு விற்றார் என்ற செய்தி வரும், அதற்குச் சந்தா உண்டு. இதையெல்லாம் செய்யாமல் கண்ட இடத்துக்கெல்லாம் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டு “ஆள் தெரியவில்லை, அதனால் மறுத்துவிட்டார்கள்” என்பது நியாயமே இல்லை.

மைக்கூடு:
நான் சொல்வது மாமன் மச்சான் சிபாரிசு இல்லை. எழுத்து வழியாக வரும் பழக்கத்தைச் சொல்கிறேன். சிறுகதை எழுதுங்கள், இலக்கிய இதழ்களுக்கு அனுப்புங்கள். கதை பிடித்துப்போய் முகவரே “நாவல் ஏதாவது கையில் இருக்கிறதா?” என்று எழுத்தாளருக்கு எழுதுவது நடக்கிற விஷயம். இதழ் எடிட்டரோடு ஒரு கதையைத் திருத்தி முடித்தவருக்கு, தன் வாக்கியத்தை இன்னொருவர் கண்ணால் பார்க்கும் பயிற்சி வந்துவிடும். அதற்குப் பணமும் வேண்டாம், விடுப்பும் வேண்டாம்.

இன்னொன்று. ட்விட்டரில் பிட்மேட் என்று ஒரு நாள் நடக்கும். நாவலை ஒரு பதிவில் சொன்னால் முகவர்கள் வந்து விருப்பக்குறி போடுவார்கள், உடனே பிரதியை அனுப்பலாம். ஆள் தெரியாதவர்களுக்கு அது பெரிய வாசலாக இருந்தது. 2022இல் அதை நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள். திறந்த வாசல்கள் குறைந்துகொண்டே வரும்போது பழக்கத்தின் மதிப்பு கூடத்தானே செய்யும்?

தனிவழி:
இருவரும் முகவர் வேண்டும் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எதற்கு வேண்டும்? சிறு பதிப்பகங்கள் பல, வருடத்தில் சில வாரங்கள் யார் வேண்டுமானாலும் பிரதி அனுப்பலாம் என்று அறிவிக்கின்றன. அங்கே எடிட்டரே படிக்கிறார், எடிட்டரே பதில் எழுதுகிறார். கவிதைக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் பெரும்பாலான முகவர்கள் கிட்டவே வரமாட்டார்கள். அந்த நூல்களெல்லாம் நேரடித் தொடர்பில்தான் வெளிவருகின்றன. ஒப்பந்தம் புரியவில்லை என்றால் பிரிட்டனில் சொசைட்டி ஆஃப் ஆத்தர்ஸ், அமெரிக்காவில் ஆத்தர்ஸ் கில்ட் ஆகிய எழுத்தாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை சொல்கின்றன. 15 சதவீதத்தை வாழ்நாள் முழுக்க ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

முதல்நாவல், நீங்கள் முகவர்களுக்கும் அனுப்புங்கள், சிறு பதிப்பக எடிட்டர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவப்புப்பேனா:
தனிவழி, கடைசி ஆலோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். பதிப்பகத்தில் எடிட்டராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு எடிட்டர் ஒரு பிரதியை மறுத்துவிட்டால் அந்த இடத்தில் அந்தப் பிரதியின் கதை பெரும்பாலும் முடிந்தது. பிறகு ஒரு முகவர் உங்களை எடுத்துக்கொள்ள நினைத்தால் முதலில் கேட்பது, “இதை யாரெல்லாம் பார்த்துவிட்டார்கள்?” என்பதுதான். நீங்கள் நீளமாக ஒரு பட்டியல் கொடுத்தால் அவருக்கு விற்க இடமே இருக்காது. முகவரா, நேரடியா என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு ஒன்றை முழுமையாக முயன்று பார்க்க வேண்டும்.

ஆள் தெரிவதைப் பற்றி. எடிட்டருக்குப் பிடித்துவிட்டால் புத்தகம் வந்துவிடும் என்று வெளியில் நினைக்கிறார்கள். எனக்குப் பிடித்தது முதல் படி மட்டுமே. அடுத்து, எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று பதிப்பகம் முடிவு செய்யும் கொள்முதல் கூட்டம். அங்கே விற்பனைப் பிரிவு, விளம்பரப் பிரிவு, உரிமைப் பிரிவு எல்லோரும் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு முழுப் பிரதியையும் படிக்க நேரம் இருந்திருக்காது. “இது என்ன புத்தகம், யார் வாங்குவார்கள், இதே அலமாரியில் இருக்கும் மற்ற புத்தகங்கள் எவ்வளவு போயின?” என்று கேட்பார்கள். எத்தனை பிரதி விற்கும், செலவு எவ்வளவு, எவ்வளவு முன்பணம் தரலாம் என்று ஒரு கணக்கும் மேசையில் இருக்கும். எழுத்தாளரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர் என்று அங்கே நான் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு வேண்டியது நாவலைச் சொல்லும் இரண்டு வாக்கியம்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பல நேரம் முகவர் எனக்கு எழுதிய கடிதத்திலிருந்து. அவர் அதை எழுத்தாளர் தனக்கு அனுப்பிய கடிதத்திலிருந்து எடுத்திருப்பார். எழுத்தாளரின் ஒரு வரி முகவர், எடிட்டர், விற்பனைப் பிரதிநிதி என்று கைமாறி, கொஞ்சம் மாறிப் பின்னட்டையில் அச்சானதைப் பார்த்திருக்கிறேன். சிபாரிசு உங்களை ஒருவரிடம் கொண்டுபோய் விடும். அதற்கு அடுத்திருப்பவரிடம் அது செல்லாது.

மைக்கூடு சொன்ன இதழ் வழியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மாநாட்டில் பத்து நிமிடம் முகவரோடு உட்காருவதற்குக் காசு கட்டச் சொல்வதை ஆதரிக்கவில்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் பலர் “அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆமாம், நீளத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே? 1,40,000 சொற்கள் முதல் நாவலுக்கு ரொம்ப அதிகம். பெரியவர்களுக்கான பொதுவான நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 வரை. மாயப் புனைவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் தருவார்கள். எண்ணைப் பார்த்தே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் தெரிந்தாலும் இது உங்களைத் தடுக்கும்.

தனிவழி:
ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அனுப்பக் கூடாது என்பது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நேரடி வழி இரண்டாம் தரம் என்ற தொனியை ஏற்க மாட்டேன். முகவர் கிடைக்க மாதக்கணக்கு, கிடைத்தபின் அவர் சொல்லும் திருத்தம், பிறகு எடிட்டர்களின் பதிலுக்கு மறுபடி மாதக்கணக்கு. அத்தனைக்குப் பிறகும் விற்காமல் போகும் நாவல்கள் ஏராளம். சிறு பதிப்பகத்தில் வரும் புத்தகத்துக்கு முன்பணம் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. ஆனாலும் புத்தகம் வாசகர் கையில் இருக்கும்.

சிவப்புப்பேனா:
இரண்டாம் தரம் என்று நான் சொல்லவில்லை. ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய உரிமைகளை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் என் கவலை. முகவர் இருந்தால் அவற்றைத் தனித்தனியாக விற்கப் பார்ப்பார். தனியாகப் போகிறவர்கள் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வருவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

நிதானி:
ஆள் பழக்கம் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படிப்பதற்குக் கட்டணம் கேட்கிறவர் முகவர் இல்லை. “எடுத்துக்கொள்கிறோம், ஆனால் முதலில் எங்கள் திருத்துநரிடம் காசு கட்டித் திருத்துங்கள்” என்பதும் அதே வகை. பணம் பதிப்பகத்திலிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டும், அதில் முகவர் தன் பங்கை எடுப்பார். 1998இலிருந்து ரைட்டர் பிவேர் என்ற தளம் இந்த ஏமாற்றுகளைப் பெயரோடு எழுதி வருகிறது. யாருக்கு அனுப்பும் முன்பும் அங்கே ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

தானாகத் தேடி வரும் மின்னஞ்சலில் இன்னும் கவனம் வேண்டும். 2022 ஜனவரியில் நியூயார்க்கில் கைதானவர், பதிப்பகத்தில் வேலை பார்த்த ஆள். எடிட்டர்கள், முகவர்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி அச்சாகாத பிரதிகளைப் பல வருடம் வாங்கிக்கொண்டிருந்தார். 1,000க்கும் மேல் என்று பிறகு ஒப்புக்கொண்டார். ஆங்கில முகவரியில் ‘எம்’ வர வேண்டிய இடத்தில் சிறிய ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவார். வேகமாகப் படித்தால் கண்ணுக்கு ‘எம்’ என்றுதான் தெரியும். துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே பிரதியைக் கொடுத்திருக்கிறார்கள். யாராவது எழுதினால் அந்த முகமையின் தளத்துக்கு நீங்களே போய், அங்கே இருக்கும் முகவரிக்குப் பதில் எழுதுங்கள்.

முதல்நாவல்:
எல்லோருக்கும் நன்றி. முகவர் வழியை முதலில் முயன்று பார்க்கிறேன். நாவலை 1,10,000க்குள் கொண்டுவரப் போகிறேன், கலங்கரை விளக்கத்தின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பகுதியை முழுதாக எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. கடிதத்தை இப்படித் தொடங்கியிருக்கிறேன், தமிழில் சொல்கிறேன்: “தனிமை, குற்றவுணர்வு, மன்னிப்பு ஆகியவற்றை ஆழமாக ஆராயும் இந்த நாவல், மனித உறவுகளின் புதிரை வாசகர் முன் வைக்கிறது.” சரியாக இருக்கிறதா?

வரிவரியாய்:
இதில் ஆளே இல்லை. எந்த நாவலுக்கும் இந்த வரியைப் போடலாம். யார், அவருக்கு என்ன நேர்கிறது, அவர் என்ன முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று மூன்றையும் சொல்லுங்கள்.

முதல்நாவல்:
அப்படியானால் இது? “கலங்கரை விளக்கத்தின் கடைசிக் காவலாளி அவள். விளக்கை அணைத்துவிட்டுப் போக இரண்டு வாரம் இருக்கும்போது, கடலில் இறந்துவிட்டதாக அவளே சாட்சி சொன்ன அண்ணன் உயிரோடு கரை ஏறுகிறான்.”

மைக்கூடு:
“அவளே சாட்சி சொன்ன” என்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டீர்கள். ஆள் தெரிய வேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை, ஆனால் இந்த வரியை யார் கையில் கொடுத்தாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

சிவப்புப்பேனா:
அதை அப்படியே வையுங்கள். அண்ணனை ஒளித்து வைப்பதா, காட்டிக் கொடுப்பதா என்று அவளுடைய சிக்கலை அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். முடிவைக் கடிதத்தில் சொல்ல வேண்டாம், தனியாகக் கேட்கும் கதைச்சுருக்கத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். கீழே நாவலின் வகை, சொல் எண்ணிக்கை, கடந்த சில வருடங்களில் வந்த இதே வகைப் புத்தகங்கள் இரண்டின் பெயர், உங்களைப் பற்றி ஓரிரு வரி. மொத்தம் ஒரு பக்கம்.

முதலில் ஏழெட்டு முகவருக்கு மட்டும் அனுப்புங்கள், ஒரு முகமையில் ஒருவருக்கு மட்டும். யாருமே பிரதியைக் கேட்கவில்லை என்றால் கடிதத்தைத் திருத்திவிட்டு அடுத்தவர்களுக்குப் போங்கள். முழுப் பிரதியைக் கேட்டு வாங்கிவிட்டு வரிசையாக மறுத்தால் சிக்கல் நாவலுக்குள் இருக்கிறது, அனுப்புவதை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்றால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். பிரதி கையில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரிவித்து இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், அது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் அவரிடம் ஏற்கனவே இருக்கும் எழுத்தாளர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.