நிலத்தடியில் இருப்பது வலிமையா, பிரித்தெடுக்கத் தெரிவது வலிமையா? அரிய மண் தனிமங்கள் குறித்த விவாதம்

மேழியன்:
2025 ஏப்ரல் 4 அன்று சமாரியம், டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட, மோட்டார் வாகனங்களுக்கான வலிமையான காந்தங்கள் போன்றவற்றில் பயன்படும் ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சில வாரங்களிலேயே காந்தத் தட்டுப்பாட்டால் ஃபோர்டின் சிகாகோ ஆலையும், ஜப்பானில் சுசுகியின் ஸ்விஃப்ட் உற்பத்தியும் சில நாட்கள் நின்றுபோயின. 2010-இல் செங்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களில் மோதிய விவகாரத்தின்போதும் ஜப்பானுக்கு இதே நெருக்கடிதான் வந்தது. ஒரு நாட்டின் பேர வலிமையை அதன் கனிம வளமே தீர்மானிக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கடலோரன்:
நண்பர் மேழியன் அவர்களின் தரவுகள் சரி. முடிவோடு உடன்பட முடியவில்லை. கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கே அரிய மண்ணை வழங்கியது. 2002-இல் மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கே வெட்டிய தாதுவைச் செறிவூட்டிச் சீனாவுக்கே அனுப்பிச் சுத்திகரிக்க வேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது. இத்தனிமங்கள் வேதியியல் பண்பில் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருப்பதால், தாதுவை அமிலத்தில் கரைத்து, அக்கரைசலைக் கரிமக் கரைப்பானோடு கலக்கித் தெளியவிடும் வேலையை வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான தொட்டிகளில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரியும். அந்தக் கைப்பழக்கம் இன்று பெருமளவு சீனாவிடம் இருக்கிறது. நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் கலந்த வலிமையான காந்தத்தை உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்றான ஜெனரல் மோட்டார்ஸ், 1995-இல் காந்தம் தயாரிக்கும் தன் மேக்னகுவென்ச் பிரிவைச் சீன முதலீட்டாளர்கள் இடம்பெற்ற குழுவுக்கு விற்றது. பிற்பாடு இந்தியானா ஆலை மூடப்பட்டு இயந்திரங்களும் சீனாவுக்குப் போயின. கனிமம் அமெரிக்க மண்ணில் அப்படியேதான் இருந்தது.

மேழியன்:
அப்படியானால் 2010-இல் ஜப்பான் ஏன் தவித்தது? தொழில்நுட்பத்தில் அது யாருக்கும் சளைத்ததல்லவே; காந்தம் செய்யத் தெரிந்த நாட்டிடம் மூலப்பொருள்தான் இல்லை. உள்மங்கோலியாவின் பயான் ஓபோவில் இரும்புத்தாதுவோடு சேர்ந்தே அரிய மண் கிடைப்பதால்தான் சீனாவால் அத்தனை மலிவாக விற்க முடிந்தது என்பதையும் மறக்கலாகாது.

நெய்தல்:
பிரித்தெடுக்கும்போது மிஞ்சும் கழிவை இருவரும் மறந்துவிட்டீர்கள். நான் குமரி மாவட்டத்துக்காரன். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், தென்னை நார்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில்தான் அரிய மண் தனிமங்கள் அடங்கிய நம் கரையோரக் கனிமமான மோனசைட்டை அடையாளம் கண்டார். மணவாளக்குறிச்சியில் இன்றும் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். (முன்னாள் இந்தியன் ரேர் எர்த்ஸ்) ஆலை தாது மணலைப் பிரிக்கிறது. ஏறத்தாழ 69 லட்சம் டன் அரிய மண் இருப்புடன் இந்தியா உலகில் மூன்றாவது இடத்தில் இருந்தும், ஆண்டு உற்பத்தி 3,000 டன்னை எட்டவில்லை. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் கலந்திருப்பதால் அது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மணல் அள்ளினால் கரை அரிக்கும், கதிர்வீச்சு கூடும் என்ற அச்சம் கடலோர ஊர்களில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனம் மலேசியாவின் குவாந்தானில் அரிய மண் சுத்திகரிப்பு ஆலை வைத்தபோதும் கழிவை முன்னிட்டே மக்கள் போராடினர். சீனா தன் பாவ்தோவ் நகரத்தருகே கழிவை ஏரியாகத் தேங்கவிட்டது. அந்த ஏரியைப் பொறுத்துக்கொண்டதும் அதன் பலத்தில் ஒரு பங்கு என்றே சொல்வேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கடலோரன்:
நெய்தல் சொல்வது நியாயமே. மேழியன் கேட்ட ஜப்பான் கேள்விக்கு வருகிறேன். சுரங்கமில்லாத அந்நாடு 2011-இல் லைனாஸில் 25 கோடி டாலரைப் போட்டு, சீனாவைச் சார்ந்திருக்கும் அளவைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டது. மறுபுறம், அப்போது மவுண்டன் பாஸ் சுரங்கத்தை வைத்திருந்த மோலிகார்ப் நிறுவனம், 2011-இல் உச்சம் தொட்ட விலை சரிந்ததும் 2015-இல் திவாலானது. இதனால்தான் 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, மவுண்டன் பாஸை இப்போது நடத்தும் எம்.பி. மெட்டீரியல்ஸில் பங்கு வாங்கியதோடு நில்லாமல், காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்ற குறைந்தபட்ச விலையைப் பத்தாண்டுகளுக்கு உறுதி செய்தது. கனிமம் மட்டுமே போதுமென்றால் அரசாங்கம் இந்த விலைக்குப் பிணை நிற்க வேண்டிய தேவை என்ன என்பதை மேழியன்தான் விளக்க வேண்டும்.