கலைச்சொல்: 'காயின் மெக்கானிசம்' – நாணய ஏற்பியா, காசுநோட்டியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய சோடா இயந்திரங்களில் காசு போடும் துளைக்குப் பின்னால் இருக்கும் பொறிக்கு 'நாணய ஏற்பி' என்ற சொல்லே போதும் என்று சென்ற வாரம் நம் குழுவில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நானும் அப்போது மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமையன்று, சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸில் உள்ள அத்தான் வீட்டுக் கார் கொட்டகையில், அந்தப் பொறியைக் கழற்றி மேசைமேல் வைத்து அக்காள் மகனுக்குத் தமிழில் விளக்கத் தொடங்கியபோது, அந்தச் சொல் இரண்டாவது வாக்கியத்திலேயே என்னைக் கைவிட்டது. "ஏற்பி என்றால், போட்ட காசையெல்லாம் ஏன் மாமா திருப்பித் தள்ளுகிறது?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் அச்சொல்லை ஆதரிக்க முடியவில்லை.

நாங்கள் சீரமைப்பது 1950களில் அமெரிக்காவில் வெண்டோ நிறுவனம் செய்த போத்தல் இயந்திரம். அங்கே புழங்கும் 115 வோல்ட்டுக்கென்று அமைக்கப்பட்டது என்பதால் இங்குள்ள 230 வோல்ட்டை மின்மாற்றி வைத்து இறக்கித்தான் ஓட்டுகிறோம். மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமே தவிர 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது, ஆகையால் குளிரூட்டும் மோட்டார் தன் இயல்பான வேகத்தைவிடச் சற்று மெதுவாகவே சுழல்கிறது. அது தனிக்கதை. காசுப் பொறிக்கு மின்சாரமே வேண்டாம். அதற்குள் நடப்பதெல்லாம் காசு தன் எடையால் கீழே விழும் அந்த ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

எங்கள் பொறி அமெரிக்க 5 சென்ட் காசுக்கு மட்டுமானது. அந்தக் காசின் விட்டம் 21.21 மில்லிமீட்டர், எடை 5 கிராம், உலோகம் முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும். உள்ளே போகும் காசு முதலில் தொட்டில் போன்ற சிறு தாங்கியில் வந்து அமர்கிறது. விட்டம் குறைந்த காசு தாங்கியின் இரு முனைகளுக்கும் இடையே நழுவித் திருப்புக் கிண்ணத்தில் விழுந்துவிடும். எடை போதாத காசால் தாங்கியைச் சாய்க்க முடியாது. நடுவில் துளையுள்ள வாஷரைப் போட்டு ஏமாற்ற முயன்றால், ஒரு சிறு கொக்கி அந்தத் துளைக்குள் நுழைந்து அதைப் பிடித்துக்கொள்ளும். இவற்றைக் கடந்த காசு ஒரு சரிவில் உருண்டு காந்தத்தை ஒட்டிப் போகிறது. இரும்பானால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வேறு உலோகமானால் அதற்குள் எழும் சுழல் மின்னோட்டம் அந்தந்த உலோகத்துக்கு ஏற்ற அளவில் அதன் வேகத்தைத் தணிக்கும். கடைசியில் காசு ஓர் எஃகுத் துண்டின்மேல் மோதித் துள்ளுகிறது. நல்ல காசு சரியான தொலைவுக்குத் துள்ளித் தடுப்பைத் தாண்டிவிடும்; ஈயம் போன்ற மென்மையான உலோகமோ துள்ளாமல் இந்தப் பக்கமே விழுந்துவிடும்.

விட்டம், எடை, துளை, உலோகம், துள்ளல் என்று இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் அது போத்தலைப் பிடித்திருக்கும் பூட்டைத் தளர்த்துகிறது. இதை ஏற்பி என்பது, வாசலில் நின்று ஒவ்வொருவரையும் விசாரித்து அனுப்பும் காவலரை 'வரவேற்பாளர்' என்று அழைப்பதற்கு ஒப்பாகும். மேலும் உயிரியலில் 'ரிசெப்டர்' என்பதற்கு 'ஏற்பி' என்றே மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

உண்மையிலேயே ஏற்பி என்று அழைக்கத்தக்க ஒரு கருவி வரலாற்றில் உண்டு. அலெக்சாந்திரியாவின் ஹீரோ என்னும் அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில் விவரித்த அந்தக் கருவியில், காசு ஒரு தட்டின்மேல் விழுந்து அதைச் சாய்க்க, அடைப்பு திறந்து கொஞ்சம் புனித நீர் வரும். காசு நழுவி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். அதே எடையுள்ள எதைப் போட்டாலும் அது நீர் தரும். அதற்கும் எங்கள் மேசைமேல் இருந்த பொறிக்கும் உள்ள வேறுபாடே சோதனைதான் என்பதால், அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

நாணயத்தைச் சோதித்துப் பார்க்கும் செயலுக்குத் தமிழில் நெடுங்காலமாக ஒரு சொல் இருக்கிறது. அது 'நோட்டம்'. காசு நல்லதா கள்ளதா என்று பார்த்துச் சொல்பவரை நோட்டக்காரர் என்றார்கள். அவர் விரல் நுனியில் எடையை உணர்ந்தார், கல்லில் தட்டி ஓசையைக் கேட்டார். இந்தப் பொறி தாங்கியாலும் எஃகுத் துண்டாலும் செய்வது அதே வேலையைத்தான். எனவே 'காசுநோட்டி' என்று முன்மொழிகிறேன். மின்தூக்கி, கணினி ஆகியவற்றில் உள்ள அதே இகர ஈறுதான் இங்கும் வருகிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நானே எண்ணிப் பார்த்தேன். 'நோட்டம் விடுதல்' என்றால் இன்று வேவு பார்ப்பது என்ற பொருள் மேலோங்கியிருப்பது உண்மை. ஆனால் 'காசு' முன்னால் நிற்கும்போது அந்தப் பொருள் எட்டிப் பார்ப்பதில்லை. இதைவிட வலுவான மறுப்பு, 'நோட்டி' என்பதைக் கேட்டதும் காகித நோட்டு நினைவுக்கு வரும் என்பது. அத்தானும் அதைத்தான் சொன்னார். அந்தக் குழப்பம் பெரிதாகத் தோன்றினால் 'காசுநோட்டப் பொறி' என்று விரித்துக்கொள்ளலாம். சற்று நீண்டாலும் ஐயம் எழாது. சங்கப் புலவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரில் உள்ள 'வண்ணக்கன்' என்பதும் நாணயம் நோட்டம் பார்ப்பவரையே குறிக்கிறது என்பதால் 'வண்ணக்கி' என்ற சொல்லும் என்னை ஈர்த்தது. ஆனால் இன்று கேட்பவர்களுக்கு வண்ணம் பூசும் கருவியென்றே படும். விட்டுவிட்டேன்.

'செல்லாக்காசு' என்ற சொல்லையும் இத்துடன் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். நல்ல காசுக்குப் பதிலாகப் பொறியில் போடப்படும் 'ஸ்லக்' என்பதற்குக் 'கள்ளக்காசு' என்று முன்பு எழுதியிருந்தோம். சனிக்கிழமை அக்காள் மகன் தன் சட்டைப் பையிலிருந்து நம் 20 காசை எடுத்துத் துளையில் போட்டான். 2013இல் வெளிவந்த மூன்றாம் வரிசைக் காசு அது. விட்டம் 21 மில்லிமீட்டர், அமெரிக்கக் காசுக்கு மிக அருகில். உள்ளே போன காசு காந்தத்தில் ஒட்டி நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த வரிசையில் 20 காசு முலாம் பூசிய எஃகால் ஆனது. நெம்பை அழுத்தியதும் கிண்ணத்தில் 'டங்' என்று விழுந்தது. நம் நாட்டின் செல்லுபடியாகும் நாணயத்தைக் கள்ளக்காசு என்று அழைக்க முடியுமா? அந்தப் பொறியிடம் அது செல்லவில்லை, அவ்வளவுதான். ஆகவே செல்லாக்காசே சரி.

இந்தப் பொறியின் பிடிவாதம் சிறியதன்று. கோக்க கோலா 1886 முதல் 1959 வரை, முதலில் கோப்பையிலும் பின்னர் சிறு போத்தலிலும், 5 சென்ட்டுக்கே விற்கப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, இயந்திரங்கள் அந்த ஒரு காசை மட்டுமே அறியும் என்பது. விலையை 10 சென்ட்டாக இரட்டிப்பாக்க மனமின்றி, 1953இல் அந்நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் உட்ரஃப் ஏழரை சென்ட் காசு வெளியிடும்படி அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கே எழுதினார். அந்தக் காசு வரவில்லை.

சீரமைப்பில் இறங்கியிருப்பவர்களுக்கு ஒன்று. காசு உருளும் சரிவில் எண்ணெய் விடாதீர்கள். நான் தையல் இயந்திர எண்ணெயை விட்டேன். இரண்டே வாரத்தில் நம் ஊர் ஈரப்பதமும் தூசியும் அதில் படிந்து பசையாகி, நல்ல காசுகளும் மெதுவாக உருண்டு, துள்ளாமல் திரும்பி வந்தன. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் துடைத்த பிறகே நோட்டம் சரியாயிற்று. பாருங்கள், இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு வேறு சொல் தேடத் தோன்றவில்லை.

காசு வந்து மோதும் எஃகுத் துண்டை ஆங்கிலத்தில் 'ஆன்வில்' என்கிறார்கள். அதற்குப் 'பட்டடை' என்று வைக்கலாமா, அல்லது 'மோதுகட்டை' என்று எளிமையாக விடலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. உலோக வேலை தெரிந்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், எழுதுங்கள்.

அன்புடன்.