தமிழில்தான் எழுதியிருக்கிறது, ஆனால் விளங்கவில்லை: தங்கச்சிக்கு வந்த விவாகரத்து அழைப்பாணை

உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சூடை மீன் பொரித்துக்கொண்டு நின்ற நேரம் நீதிமன்றக் கடதாசி கொண்டுவருகிற பிஸ்கால் வந்து, தங்கச்சியின் பெயருக்கு ஒரு கட்டுக் கடதாசியைத் தந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மாவட்ட நீதிமன்ற அழைப்பாணை. மீன் கருகியதுதான் மிச்சம்.

தங்கச்சியின் மனுசன் பருத்தித்துறை ஆள். இங்கே திருகோணமலையில் அரசாங்க உத்தியோகம். மூன்று வருசத்துக்கு முன்னர் சண்டை பிடித்துக்கொண்டு போய் உவர்மலையில் வாடகைக்கு இருக்கிறார். இப்போது அவர்தான் வழக்காளி, இவள் எதிராளி. காரணம் என்று போட்டிருப்பது "வன்மத்துடன் கைவிட்டமை". போனது அவர்! அவருடைய வேலைச் சட்டைகளை இன்னும் அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள் இவள். அவளிடம் போய் வன்மமாம். அந்த ஒரு சொல்லை வாசித்துவிட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

தாபரிப்பு, தேடிய தேட்டம், தீர்ப்பாணை என்று இன்னும் என்னென்னவோ இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்பதும் நாலும் வயது. அம்மா சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு தங்கச்சியின் பெயரில். கலியாணத்துக்குப் பிறகு கன்னியாப் பக்கம் வாங்கிய காணி அவர் பெயரில். மாமா ஒருவர், "நீதிமன்றம் எதற்கு, சமாதான நீதவானுக்கு முன்னால் இரண்டு பேரும் பிரிந்துபோகிறோம் என்று கையெழுத்து வைத்தால் முடிந்தது" என்கிறார். சரியா?

பழைய முதலியார்:

பிள்ளை, நான் நீதிமன்றத்தில் முதலியாராக மொழிபெயர்த்தே தலை நரைத்தவன். இந்தத் தமிழை ஊருக்குள் விட்ட பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

முதலில் தங்கச்சியைச் சாப்பிடச் சொல்லுங்கள். "வன்மம்" என்பது அவளுடைய குணத்தைப் பற்றிய சொல் இல்லை. பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்தான்: கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, வன்மத்துடன் கைவிடல், கலியாண நேரத்திலேயே இருந்த, தீராத தாம்பத்திய இயலாமை. "இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை" என்று ஒரு காரணம் அங்கே கிடையாது. அதனால் பிரிய நினைக்கிறவர்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். குடும்ப வாழ்வை முறிக்கும் எண்ணத்தோடு நடந்துகொண்டார் என்பதுதான் அதன் பொருள். வாசலைத் தாண்டிப் போனவர்தான் கைவிட்டவர் என்றும் இல்லை. வீட்டில் இருந்துகொண்டே மற்றவரை இருக்கவிடாமல் துரத்தினாலும் அது கைவிடல்தான். அவர் சொல்லப்போவது அதுவாக இருக்கலாம். அவரே நிரூபிக்கட்டும். தங்கச்சி தன் பதிலில், கைவிட்டது அவர்தான் என்று சொல்லி, விவாகரத்தைத் தன் பக்கமிருந்து எதிர்க்கோரிக்கையாகக் கேட்கவும் வழி உண்டு.

அழைப்பாணையில் உள்ள தவணைக்குப் போகாமல் மட்டும் இருக்கவேண்டாம். போகாவிட்டால் ஒருபக்க விசாரணை. அவர் சொன்னது மட்டும்தான் பதிவில் இருக்கும். அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு ஓடிவந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் கடதாசியால் கலியாணம் முறியாது. அந்தக் கடதாசியை நம்பி மறுகலியாணம் செய்தால் அது வேறு வழக்கு. நீதிமுறைப் பிரிவு என்று நீதிமன்றம் தருகிற ஒன்று இருக்கிறது. அதிலும்கூட ஆட்கள் பிரிந்து வாழலாமே தவிர, கணவன் மனைவிதான்.

தாபரிப்பு என்றால் வாழ்க்கைச் செலவுக்குக் கட்டுகிற பணம். அதற்கு இரண்டு வாசல். விவாகரத்து வழக்குக்குள்ளேயே, அது முடியும்வரை மனைவி தன் செலவுக்குக் கேட்பது ஒன்று. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது மற்றது. பிள்ளைகளுக்கு 18 வயதுவரை, தங்களைத் தாங்களே பார்க்க முடியாத நிலையென்றால் 25வரை கேட்கலாம். விவாகரத்து முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அவர் உத்தியோகத்தர் என்பதால், கட்டாமல் விட்டால் சம்பளத்திலேயே கழிக்கக் கட்டளை கேட்கலாம்.

காணிதான் சிக்கல். "நாங்கள் திருகோணமலை, எங்களுக்கு ஏது தேசவழமை, அது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்தானே" என்று நினைப்பீர்கள். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட ஆணைக் கட்டிய பெண்ணுக்கு, அந்தக் கலியாணம் இருக்கும்வரை அது பொருந்தும். மனுசனுக்கு வடக்கில்தான் நிரந்தர வாசம் என்பது முதலில் உறுதியாக வேண்டும். அப்படியென்றால் சீதன வீடு அவளுடையதுதான், ஆனால் விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். கைவிடப்பட்டவள் என்றால் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். கலியாணத்துக்குப் பிறகு சம்பாத்தியத்தில் வாங்கியதுதான் தேடிய தேட்டம். அதில் பாதி தானாக வந்து மடியில் விழும் என்று ஊரில் சொல்வார்கள். நம்பிக்கொண்டு இருக்காமல் வீடு, காணி இரண்டின் உறுதிப் பத்திரங்களையும் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. 1978இல் இருந்து இருக்கிறது. வெட்கப்பட அங்கே ஒன்றுமில்லை.

நிலாவெளி ரீச்சர்:

முதலியார் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். என் வழக்கில் தீர்ப்புச் சொன்ன அன்று, எல்லாம் முடிந்தது என்று பஸ் ஸ்ராண்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே அங்கே திரிகிற மான்களை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு இலேசாக இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னார், கிடைத்தது இடைக்காலத் தீர்ப்பாணைதானாம். குறைந்தது மூன்று மாதம் போய், அது முற்றான தீர்ப்பாணை ஆனால்தான் விவாகரத்து. அதுவரை நான் இன்னும் திருமதி. அந்த இடைக்காலத் தீர்ப்பாணையை நீதிமன்றத்தில் ஆங்கிலச் சொல்லால் "நைசை" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லையே நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிள்ளைகள் விசயத்தில் "கட்டுக்காவல்" என்று பார்த்தால் பயப்படவேண்டாம். எங்கள் வீட்டில் அப்பா, பிள்ளைகளைப் பொலிசில் வைப்பார்களோ என்று கேட்டார்! பிள்ளை யாரோடு வளர்வது என்பதுதான் அது. பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். மற்றவர் வந்து பார்க்கிற நாள், நேரத்தைத் தெளிவாக எழுதிக் கேளுங்கள். "வசதிப்படி" என்று எழுதவிட்டு நான் பட்ட பாடு போதும்.

கிண்ணியா மச்சான்:

முஸ்லிம் ஆட்கள் யாராவது இதை வாசித்துக் குழம்பவேண்டாம். இரண்டு பேரும் முஸ்லிம் என்றால் எங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். போகவேண்டியது காதி நீதிமன்றத்துக்கு. மனைவி கேட்கிற விவாகரத்து பஸஹ், கணவன் சொல்கிற விவாகரத்து தலாக், இரண்டும் வேறு வேறு. மேலே சொன்ன மூன்று காரணக் கணக்கு அங்கே வராது.

உப்புவெளிக்காரி:

முதலியார் ஐயாவுக்கும் ரீச்சருக்கும் நன்றி. முழுவதையும் தங்கச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பொலிஸ் கதைக்குச் சிரித்தாள். வீட்டு உறுதி அம்மாவின் பெட்டியில் இருந்தது, எடுத்துவிட்டோம். காணி உறுதி அவரிடம். காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்தானே, ஐயா? தவணை 18ஆம் திகதி. நானும் லீவு போட்டுவிட்டேன்.