அதிக விலை கொடுத்து வாங்கிய ரவிவர்மா படம்: பார்க்கிற சந்தோஷம் போய்விடுமா?

கூடத்துச்சுவர் கேட்டது:
போன மாசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு சரஸ்வதி படம் வாங்கினேன். ரவிவர்மா அச்சகத்து ஓலியோகிராஃப், அதாவது எண்ணெய் ஓவியம் மாதிரியே தெரியும் கல்லச்சுப் படம். மயில், வீணை எல்லாம் அச்சு. புடவைக்கு மட்டும் யாரோ அந்தக் காலத்தில் பொறுமையாகச் சரிகையும் சம்கியும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். பர்மா தேக்குச் சட்டம். கடைக்காரர் 55,000-இல் ஆரம்பித்தார், 42,000-இல் முடிந்தது. கூடத்தில் மாட்டி, காலைக் காபியை அதன் எதிரில்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு ஆன்லைன் ஏலப் பக்கத்தை அனுப்பினார். அதே சரஸ்வதி, 14,000. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அன்றிலிருந்து முகம் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது, 28,000 ரூபாய்தான் படுகிறது. போகப்போகச் சரியாகுமா, இல்லை விற்றுவிடலாமா? ‘கலைக்கு ஏது விலை’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கடைக்காரரே அதைத்தான் சொன்னார்.

கல்லச்சு:
முதலில் இரண்டும் ஒரே பொருள்தானா சார்? ஏலத்தில் வந்ததில் சம்கி வேலை உண்டா? ஓரம் வெட்டியிருக்கிறதா? 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது. பிறகு லோனாவாலா பக்கம் மளவலிக்குப் போய், ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. ரவிவர்மா 1906-இல் காலமான பிறகும் பல வருஷம் அதே பெயரில் படங்கள் வந்தன. அச்சகப் பெயரை மட்டும் வைத்து விலை பேச முடியாது.

நல்ல லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்கள். பழைய கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை, ஒழுங்கில்லாமல் இருக்கும். புள்ளிக் கோலம் மாதிரி வரிசை பிசகாமல் இருந்தால் பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சு. அப்படியானால் 14,000-கூட அதிகம்.

தேவகோட்டை அப்பத்தா:
லென்ஸ் விஷயம் சரிதான் தம்பி, அவர் கேட்டது அது இல்லையே.

வங்கி வேலையில் இருந்த காலத்திலிருந்து இந்தப் படங்களைச் சேர்க்கிறேன். வீட்டில் இரண்டு படம் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று லட்சுமி, ஊரில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது சாமானோடு சாமானாக 600 ரூபாய்க்கு வந்தது. இன்னொன்று தஞ்சாவூர் ஓவியம், வெண்ணெய்க் கிருஷ்ணன். அதன் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சாப்பிடும்போதுகூட வாய் திறக்கவில்லை.

யார் வந்தாலும் லட்சுமியைக் காட்டி ‘வெறும் 600’ என்பேன். வாயைப் பிளப்பார்கள். ஒருநாள் பேத்தி, ‘அப்பத்தா, அந்த யானை தும்பிக்கையில என்ன வச்சிருக்கு?’ என்றாள். எழுந்து கிட்டப் போய்ப் பார்த்துத்தான் மாலை என்று சொல்ல முடிந்தது. அத்தனை வருஷமும் நான் பார்த்தது 600-ஐத்தான்.

கிருஷ்ணன் கதை வேறு. கொடுத்த காசு உறுத்தியதாலேயே விடாமல் பார்த்தேன். மேடு எழுப்பப் பூசுகிற சுண்ணாம்பு மக்கு எங்கே தடித்திருக்கிறது, தங்க ரேக்கு எங்கே உரிந்து மஞ்சள் தொட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள், எல்லாம் மனப்பாடம். ஆக, மலிவும் படத்தை மறைக்கும். அது சந்தோஷமாக மறைப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

இன்னொன்று, எண்ணெய் ஓவியம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு வந்த படங்கள் இவை. கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவ ராவ்தான் பிரதி போடச் சொல்லி ரவிவர்மாவுக்கு யோசனை கொடுத்தவர். மலிவாகக் கிடைக்கட்டும் என்று அச்சடித்ததை 42,000-க்கு வாங்கிவிட்டு விலையை நினைக்காதே என்றால் நடக்குமா? நினையுங்கள், தப்பில்லை. ஏலப் பக்கத்தை மட்டும் திறக்காதீர்கள். விற்கவும் போகாதீர்கள், அதே கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்பார்.

வெட்டிப்பேச்சு:
2008-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது ரசனை கூடியது, மூளை ஸ்கேனிலும் அது தெரிந்தது. ஆனால் அங்கே குடித்தவர் யாரும் தன் பையிலிருந்து 90 டாலர் எடுக்கவில்லை. இவர் எடுத்திருக்கிறார்.

அப்பத்தா சொல்வது கையில் காசு உள்ளவர்களுக்குப் பொருந்தும். அந்த 28,000 வீட்டுக்கடன் தவணைக்கு வைத்திருந்த பணம் என்றால், சரிகையை எத்தனை தரம் பார்த்தாலும் உறுத்தும். அப்படியானால் வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் சார், இதில் வெட்கமே வேண்டாம்.

கூடத்துச்சுவர்:
தவணைப் பணம் இல்லை, நல்லவேளை.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன், புள்ளிகள் தாறுமாறாகத்தான் இருக்கின்றன. அப்பத்தா மன்னிக்கணும், ஏலப் பக்கத்தையும் திறந்தேன். அதில் சம்கி இல்லை, மயில் பக்கம் ஓரமும் வெட்டு. இருந்தாலும் 42,000 அதிகம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. லென்ஸ் கையில் இருந்ததால் புடவைக் கரையையும் பார்த்தேன். முந்தானை முடிகிற இடத்தில் சரிகை தீர்ந்துபோயிருக்கிறது. தைத்தவர் சாதா மஞ்சள் நூலை வைத்துச் சமாளித்திருக்கிறார். தூரத்தில் தெரியவே தெரியாது. காபி ஆறிவிட்டது.

விற்கவில்லை. இப்போது வேறு கவலை. கண்ணாடி சம்கியை அழுத்திக்கொண்டிருக்கிறது, பின்பலகையில் பூச்சி அரித்த துளைகள். சட்டத்தைப் பிரித்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு மாட்டலாமா? மதுரைப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர் உண்டா?