வசந்த கால இங்க்குகள்: பங்குனி வெயிலில் உங்களுக்கு எது பிடித்தது?

ஈரோடு உறுப்பினர்:
ஜப்பானில் செர்ரி பூக்கிற நேரத்தில் இங்கே பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் வசந்தத்தை நினைவூட்டும் ஜப்பான் ஃபவுண்டன் பேனா இங்க் நிறங்களை நம்ம வெளிச்சத்தில் எழுதிப் பார்த்துத்தான் சொல்லணுங்க.

செய்லர் கம்பெனியின் ஷிகியோரி வரிசையில் வரும் சகுரா-மோரி இங்க்கை ஃபைன் (மெல்லிய முனை) நிப்பில் போட்டேன். வெளிறிய இளஞ்சிவப்பு. காலையில் படிக்க முடிந்தது. மத்தியானம் ஜன்னல் வெயில் மேசைக்கு வந்ததும் எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. ஜப்பான் ஃபைன் நிப்பு மற்ற நாட்டு ஃபைனைவிட மெல்லிசு. கோடு மெலிந்தால் நிறமும் வெளுத்துப்போகும். அதே இங்க்கை பிராட் (அகல முனை) நிப்பில் போட்டதும் ஆளே மாறிவிட்டது. 'ழ' போட்டு முடிக்கிற சுழியில் இங்க் தேங்கி அங்கே மட்டும் அடர் ரோஜா, மேல் வளைவில் வெளிர் ரோஜா. வாழ்த்து மடலுக்கு இதைவிட அழகான இங்க் எனக்குத் தெரியாது. கணக்கு நோட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

என் மனசு நின்றது பைலட் கம்பெனியின் இரோஷிசுகு வரிசையில் உள்ள சிகு-ரினில்தான். மூங்கில் காட்டின் பெயர், மஞ்சள் ஓடிய பச்சை. பங்குனியில் புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளதளன்னு துளிர் விடுமே, எனக்கு அதே நிறம். மீடியம் நிப்பில் வெயிலிலும் படிக்கலாம்.

காகிதம் முக்கியம். கரூர் புகழூரில் டிஎன்பிஎல் காகித ஆலை கரும்புச் சக்கையில் செய்கிற காகிதத்தில் பிராட் நிப்பில் எழுதியும் எனக்குப் பின்பக்கம் ஊறவில்லை. சாதா ரூல்டு நோட்டில் இங்க் பரவி, நான் சொன்ன அந்த அடர்வும் வெளிர்வும் காணாமல் போச்சு.

கோபி உறுப்பினர்:
அண்ணா, பச்சை எனக்கும் உயிருங்க. ஆனா நான் அரசு அலுவலகத்தில் இருக்கேன். பச்சை இங்க் கெசட்டட் அதிகாரிகள் கையெழுத்துக்குன்னு பழகிப்போன இடம். நான் அதில் குறிப்பு எழுதினா சரிப்படாது. அதனால செய்லரோட நியோய்-சுமிரேக்குப் போனேன். சுமிரேங்கிறது வயலட் பூ, அதுவும் வசந்தத்துல பூக்கிறதுதான். ஊதா கலந்த நீலம். தூரத்தில் பார்த்தா நீலம்னு விட்டுடுவாங்க, கிட்ட வந்தாத்தான் ஊதா தெரியும். ஃபைன் நிப்பிலேயே தெளிவா விழுது.

காங்கேயம் உறுப்பினர்:
நம்ம பக்கத்து வறட்சியையும் கணக்கில் எடுங்க. மூடியைக் கழட்டி வெச்சுட்டுப் போன் பேசிட்டு வந்தா நிப்பில் தண்ணி ஆவியாகி சாயம் மட்டும் கெட்டியா நிக்குது. சகுரா-மோரியில் முதல் ரெண்டு சொல் ஒரு நிறம், மீதி வரி வேற நிறம். அடர்ந்த இங்க்கில் இது கண்ணுக்கே தெரியறதில்லை. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிறவங்க முதல் வரியை நம்பாதீங்க, ரெண்டு வரி எழுதிட்டு அப்புறமா பாருங்க.

ஈரோடு உறுப்பினர்:
இது நல்ல யோசனைங்க. கோபித் தம்பி, சுமிரேயை பிராட் நிப்பில் எழுதினா ஊதா கூடுதா குறையுதான்னு சொல்லுங்க. புதுசா வாங்கறவங்களுக்கு ஒண்ணு: ஷிகியோரி 20 மில்லி புட்டியில் வருது. இரோஷிசுகுவிலும் 50 மில்லி தவிர 15 மில்லி சின்னப் புட்டி இருக்கு. வெளிர் நிறமாக இருந்தா சின்னதை வாங்கி, உங்க பேனாவில், உங்க வீட்டு வெளிச்சத்தில் எழுதிப் பார்த்துட்டு அப்புறம் பெருசுக்குப் போங்க.